ராஜதாஸ் காணாத வரையாடு

பாறசாலைச் சந்தையில் போய் ராஜதாஸ் எங்கே என்று கேட்டால், எந்த ராஜதாஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். வரையாட்டு ராஜதாஸ் என்றால் போதும், லாரி நிற்கிற இடத்துக்குக் கையைப் பிடித்தே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நாற்பத்தெட்டு வயது. சுமட்டுத் தொழிலாளிகளுக்குரிய நீலச் சட்டை, தோளில் துவர்த்து என்கிற துண்டு, தலையையும் உடம்பையும் வித்தியாசம் தெரியாமல் ஒட்டிவைத்த கழுத்து. ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டை தலையில் இருக்கும்போதே வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, எதிரே வருகிறவரிடம் வீட்டு விசேஷமும் விசாரிப்பார். அப்படி ஒரு மனிதர்.

பட்டப்பெயர் வந்த கதை இது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு, ரப்பர் ஷீட் ஏற்ற ஒரு லாரியோடு அம்பூரிக்குப் போனார். ஷீட்டெல்லாம் ஏற்றி முடித்து லாரி திரும்பியபோது ஆளைக் காணோம். மறுநாள் காலையில்தான் நடந்தும் பஸ் பிடித்தும் வந்து சேர்ந்தார். யூனியன் கன்வீனர் இடுப்பில் கைவைத்து நின்று எங்கலே போயிருந்தே என்று கேட்டார். உண்மை என்னவென்றால், மரச்சீனிக் கிழங்கும் மாட்டிறைச்சியும் மூக்குமுட்டத் தின்றுவிட்டு ஒரு பலாமரத்துக்குக் கீழே படுத்த ராஜதாஸ், லாரி போன சத்தம்கூடக் கேட்காமல் உறங்கிப்போயிருந்தார். கண் விழித்தபோது இருட்டியிருந்தது. எதிரே தெரிந்தது மூக்கன் பாறை என்கிற மலை ஒன்றுதான். அதனால் கன்வீனரிடம் மூக்கன் பாறைக்கு ஏறிப்போனேன் என்றார். எதற்கு என்ற கேள்விக்கு வாயில் வந்தது வரையாடு.

"வரையாட்டக் கண்டேன் அண்ணா. அதுக்க பொறத்தாலயே போயிட்டேன்."

"எப்பிடிலே இருந்துது?"

"முதுகுல மூணு வர உண்டு. வெள்ளை வர."

இங்கேதான் கவனிக்க வேண்டும். தமிழில் வரை என்றால் மலை. மலையில் திரிகிற ஆடு வரையாடு, அவ்வளவுதான் சங்கதி. ஆனால் வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிற எல்லையோரப் பாறசாலைக்காரர்களுக்கு வர என்றால் கோடு. பிள்ளைகள் நோட்டில் ஸ்கேல் வைத்துப் போடுகிற கோடு. ஆகவே வரையாடு என்றால் கோடு போட்ட ஆடு என்று ராஜதாஸ் முடிவு செய்தார். கன்வீனரும் அதையேதான் நினைத்திருந்தார். சுற்றி நின்ற பதினாலு பேரும் அப்படித்தான். தெற்கே நாகர்கோவில்காரன் எவனாவது அங்கே நின்றிருந்தால் அது மலையப்பா என்று திருத்தியிருப்பான். வடக்கே மூணாற்றுக்காரன் நின்றிருந்தால் அவன் ஆட்டையே பார்த்திருப்பான். இரண்டு பேரும் இல்லாததால், கோடு சரியாகச் சொன்னவன் ஆட்டைக் கண்டவனாகத்தான் இருக்க வேண்டும் என்று சபை தீர்மானித்தது. ராஜதாசுக்கு அரை நாள் கூலிப் பிடித்தமும் இல்லாமல் போயிற்று.

சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. முதல் மாதம் ஆடு அவரைப் பார்த்து ஓடியது. மூன்றாம் மாதம் நின்று பார்த்தது. அவர் கல்யாணத்துக்குள் அது இரண்டடி முன்னால் வந்து மோப்பம் பிடித்திருந்தது. ஷைலஜாவைப் பெண் பார்க்கப் போனபோது மாமனாரிடம் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று சொல்வதற்கு முன்பே தரகர் வரையாட்டைச் சொல்லிவிட்டார். மகள் ரெஷ்மா பிறந்து, சோறு தின்ன அடம்பிடித்த காலத்தில் ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு ஆடு மலை ஏறியது. அவள் ஆறாம் கிளாஸில் மூன்று கோடு போட்டு ஆடு வரைந்து, இது தவறு என்று சொன்ன டீச்சரிடம் எங்க அப்பா கண்டிருக்காரு என்று சண்டை போட்டுவிட்டு வந்தாள். ராஜதாஸ் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கலங்கினார். பிறகு மறந்துவிட்டார்.

ரெஷ்மா மறக்கவில்லை. விலங்கியல் எடுத்துப் படித்தாள், அதற்கு மேலும் படித்தாள். இந்த வருடம் வனத்துறை நடத்துகிற வரையாட்டுக் கணக்கெடுப்பில் தற்காலிக உதவியாளராக அவளுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் சந்தையில் வெங்காயம் இறக்குகிறவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. ஆனாலும் வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் மரச்சீனியும் பூவார் சாளை மீன் கறியும் வைத்துத் தின்றுகொண்டிருந்தபோது ரெஷ்மா குண்டைப் போட்டாள். ஆபீசில் பெரிய படம் ஒன்று விரித்திருந்தார்களாம், ஆடு இருக்கிற மலைகளுக்கெல்லாம் மஞ்சள் புள்ளி வைத்து. மூக்கன் பாறையில் புள்ளி இல்லை. அங்கே ஆடு உண்டு, எனக்க அப்பா கண்டிருக்கிறார் என்று அத்தனை அதிகாரிகள் முன்னால் எழுந்து நின்று சொன்னாளாம். கோட்டுக்கும் அவள் ஒரு விளக்கம் வைத்திருந்தாள்.

"அப்பா பாத்தது கெடாயாக்கும். வயசான கெடாவுக்கு முதுகுல வெள்ளையாட்டு ஒரு திட்டு உண்டு. தூரத்துல இருந்து பாத்தா வர மாதிரி தோணும்."

இருபத்தைந்து வருடப் பொய்க்கு இவ்வளவு நல்ல சாட்சி சொந்த மகளின் வாயிலிருந்தே கிடைக்கும் என்று ராஜதாஸ் நினைத்ததே இல்லை. ஆமா, வர மாதிரி, என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. ரேஞ்சர் அவள் சொன்னதைக் கேட்டுப் புள்ளியை வைத்துவிட்டார். அதைச் சரிபார்க்க ஒரு குழு மூன்று நாள் மேலே போகிறது. குழுவில் ரெஷ்மா, ஒரு வாட்சர், பிறகு இடத்தைக் காட்ட, கண்ணால் கண்ட அப்பா.

சாளை முள் தொண்டையில் சிக்கியது. ஷைலஜா சோற்று உருண்டை கொடுத்து விழுங்கச் சொன்னாள். முள் இறங்கியது, பயம் இறங்கவில்லை. அங்கே ஆடு இல்லாவிட்டால் தன் மானம் போவது கிடக்கட்டும். அப்பன் சொன்னதை நம்பி அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்ற பெண்ணின் கதி என்ன. சந்தையில் ஒருவன் சொல் பொய்யானால் சிரித்துவிட்டுப் போவார்கள். அவள் வேலையில் சொல்தான் மூலதனம்.

முட்டுவலி என்று சொல்லிப் பார்த்தார். அன்று காலையில்தான் பக்கத்து வீட்டுக்கு இரண்டு மூட்டை சிமென்டை ஒரே நடையில் மாடிக்கு ஏற்றியதை ஷைலஜா கண்ணால் பார்த்திருந்தாள். சந்தையில் வேலை அதிகம் என்று சொல்லிப் பார்த்தார். சந்தைக்காரர்கள் அவருக்கு மூன்று நாள் லீவும் கொடுத்து, ஒரு பிளெக்ஸும் வைத்துவிட்டார்கள். கூடச் சுமடு எடுக்கிற நிஜின்தான் அதற்கு முன்கை எடுத்தவன். கழுத்தில் மாலையோடு ராஜதாஸ், பக்கத்தில் ஒரு வெள்ளாடு, அதன் முதுகில் எங்கோ ஒரு வரிக்குதிரையிலிருந்து வெட்டி ஒட்டிய மூன்று கோடு. ரெஷ்மா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். ராஜதாசும் சிரித்தார், வேறு வழி.

ஜீப்பு போகிற வழி முடிந்த இடத்தில் வாட்சர் செல்லையன் காத்திருந்தார். ஐம்பது தாண்டியவர், மெலிந்த ஆள், இருபது வருடமாக அந்தக் காட்டைக் காவல் காக்கிறவர், பேச்சு குறைவு. ஆளுக்கொரு முதுகுப் பை. ராஜதாசின் பையில் கூடாரமும் அரிசியும் அடுப்பும் சேர்ந்து பதினெட்டு கிலோ என்றார்கள். அவர் சிரித்தார். ஐம்பதுக்குக் கீழே உள்ளதைச் சுமை என்று சொல்வது அவர் வழக்கத்தில் இல்லை. துவர்த்தைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். முதுகில் மாட்ட வேண்டும், அதற்குத்தான் வார் இருக்கிறது, இடுப்புக்குப் பெல்ட் இருக்கிறது என்று ரெஷ்மா எவ்வளவோ சொன்னாள். முதுகில் பொதி ஏற்றுவது கழுதைக்குத்தான், யூனியன்காரனுக்கு அல்ல என்று முடித்துவிட்டார்.

ரப்பர் தோட்டம் முடியும்வரை ராஜாபோல நடந்தார். ஈற்றை மூங்கில் காட்டில் நுழைந்ததும் தொல்லை தொடங்கியது. பத்தடிக்கு ஒரு கொப்பு பையைப் பிடித்து இழுத்தது. குனிந்தார், உட்கார்ந்து நகர்ந்தார், ஒரு இடத்தில் தலையில் பையோடு தவளை மாதிரி தத்தினார். செல்லையன் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். அட்டைகள் காலில் ஏறின. இருந்தும் புல்மேட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது ராஜதாஸ்தான். அங்கே அடித்த காற்றில் பை சரிந்தது, சும்மாடு அவிழ்ந்து பறக்கப் பார்த்தது. வேறு வழியின்றி முதுகில் மாட்டிக்கொண்டார். யாரோ பின்னால் தொற்றிக்கொண்டு இழுப்பதாகத் தோன்றியது. சுமட்டுக்காரன் நடக்கும்போது மேலேயும் பார்ப்பதில்லை, கீழேயும் பார்ப்பதில்லை. காலுக்கு முன்னால் நாலடி, அவ்வளவுதான் அவன் உலகம். ராஜதாஸ் அன்றுதான் நிமிர்ந்து கீழே பார்த்தார். அணைத் தண்ணீர், தென்னைகள், அதற்கும் அப்பால் பூவார்க் கடல் வரைக்கும் ஒரே பார்வையில் கிடந்தது. தலை கிறுகிறுத்தது. பயத்திலா சந்தோஷத்திலா என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்று ஆடு இல்லை. மறுநாளும் விடிந்ததிலிருந்து தேடினார்கள். ரெஷ்மா பைனாகுலரை எடுத்தால் கீழே வைப்பதில்லை. எங்கே நின்று பார்த்தீர்கள், எந்தப் பக்கம் ஓடியது என்று அவள் கேட்கும்போதெல்லாம் ராஜதாஸ் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டினார். அவள் அந்தத் திசைக்கு ஓடினாள். அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். நாலு தடவை அப்படி ஓடினாள். புழுக்கை இல்லை, குளம்புத் தடம் இல்லை, மூடுபனி மட்டும் வேண்டிய அளவுக்கு இருந்தது. மகள் ஓடுகிற ஒவ்வொரு தடவையும் ராஜதாஸ் நீட்டிய கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு, செல்லையன் பாலில்லாத கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தபோது, ரெஷ்மா நோட்டைத் திறந்து எழுதினாள். எழுதியதை வாய்விட்டு வாசித்தாள். இருபத்தைந்து வருடம் முன்பு இங்கே வரையாடு இருந்தது, இன்று இல்லை, வேட்டையால் அழிந்திருக்கலாம். வாசிக்கும்போது அவள் குரல் உடைந்தது. உண்மையாகவே அந்த ஆட்டுக்காக அழுதாள்.

செல்லையன் கிளாசைக் கீழே வைத்தார். வேட்டை என்று எழுதினால் முதலில் கேள்வி வருவது காவல்காரனிடம்தான் என்றார். இருபது வருடத்தில் இந்தப் பாறையில் ஒரு வெடிச்சத்தம்கூடத் தான் கேட்டதில்லை என்றார். குரல் உயரவில்லை, ஆனால் முகம் கறுத்துவிட்டது. அப்படியானால் ஆடு எங்கே போச்சு மாமா என்று ரெஷ்மா கேட்டாள். 

பதில் வைத்திருந்தவர் ராஜதாஸ். தன் பொய் இருபத்தைந்து வருடமாகச் சந்தையைச் சிரிக்க வைத்ததே ஒழிய யாரையும் ஒன்றும் செய்ததில்லை என்பது அவருக்கு ஒரு சமாதானம். இப்போது அது ஒரு பாவப்பட்ட மனிதனின் வேலைக்கு வேட்டு வைக்கப் பார்க்கிறது. வாயைத் திறந்தால் மகள் போய்விடுவாள், மூடினால் செல்லையன் போய்விடுவார். சாயாவை ஒரே மடக்கில் குடித்தார், நாக்கு வெந்தது.

"மக்கா, ஆடு எங்கயும் போகல. நான் காணவே இல்ல."

ரெஷ்மாவுக்குப் புரியவில்லை.

"கள்ளம் பறஞ்சேன். அன்னைக்கு நான் கீழ ஒரு பலாமூட்டுல கிடந்து உறங்கினதாக்கும். வரன்னா கோடுன்னு நினைச்சு கோடு உண்டுன்னு சொன்னேன். செல்லையன் அண்ணன் பேருல ஒண்ணும் எழுதாண்டாம்."

 ரெஷ்மா நோட்டில் எழுதியிருந்த மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாக அடித்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்தக் கள்ளத்த நம்பித்தான் நான் படிச்சேன்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ராஜதாஸ் எழுந்து போய், தேவையே இல்லாமல், கூடாரத்தின் எல்லாக் கயிறுகளையும் அவிழ்த்து மறுபடி கட்டினார். செல்லையன் மட்டும் அவர் பக்கத்தில் வந்து இன்னொரு கிளாஸ் சாயாவை நீட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் இறங்கினார்கள். ரெஷ்மா முன்னால் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. ஆபீசில் போய் என்ன சொல்வது என்று அவள் நடையிலேயே தெரிந்தது. ஏறிவந்த வழியில் யானைக்கூட்டம் நிற்பதாகப் சாணத்தைப் பார்த்துச் செல்லையன் சொன்னதால், மூக்கன் பாறையின் பின்பக்கத்தைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. காற்று இல்லை. ராஜதாஸ் பையை மறுபடியும் தலைக்கு மாற்றிக்கொண்டார். அதில் ஒரு வசதியும் இருந்தது, நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

ஒரு திருப்பத்தில் இடுப்புயரத்தில் ஒரு கல் இருந்தது. பையை அதன்மேல் இறக்கி, கழுத்தைத் திருப்பி நெட்டி முறித்தபோதுதான் எதிர்ப் பாறையைப் பார்த்தார். இரண்டு நாள் மூடுபனிக்குப் பிறகு கிழக்கு வெயில் அந்தப் பாறையில் விழுந்திருந்தது. வெயிலில் ஆடுகள் நின்றன. மனிதன் நினைத்தே பார்க்க முடியாத சரிவில், சந்தைத் திண்டில் நிற்பதுபோலச் சாவகாசமாக நின்று புல் கடித்தன. தவிட்டு நிறம். ஒன்றின் முதுகிலும் ஒரு கோடும் இல்லை. பொய் சொன்ன இடத்திலேயே உண்மை மேய்ந்துகொண்டிருந்தது.

 ராஜதாஸ் கல்லைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து சிரிப்பு பொங்கியது, அதை அடக்க வாயில் துவர்த்தைத் திணித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கூவ வேண்டும் போலிருந்தது. யாரைக் கூவுவது, நேற்றுச் சாயங்காலம் பொய்யன் என்று தானே ஒப்புக்கொண்டவன் இன்று காலையில் ஆடு என்றால் எந்த மகள் திரும்புவாள். துவர்த்தை எடுத்தார். மெதுவாகத்தான் சொன்னார்.

"மக்கா, நான் ஒண்ணும் சொல்லல. நீ அந்தப் பாறைய மட்டும் ஒண்ணு பாரு."

ரெஷ்மா கோபமாகத்தான் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். பைனாகுலரை எடுத்த வேகத்தில் அது இரண்டு தடவை மூக்கில் இடித்தது. செல்லையன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இந்தப் பொறத்தே ஆரும் வாறதில்லியே, வாறதில்லியே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் மூன்று பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினார்கள். ஆடுகள் கண்டுகொள்ளவில்லை.

முதலில் தெளிந்தது ரெஷ்மா. கணக்கெடுப்பில் ஒரு விதி உண்டு. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுத வேண்டும். எண் ஒத்துப்போனால்தான் கணக்கு. அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அப்பாவிடம் நீட்டினாள்.

"என் கணக்கு வேண்டாம் மக்கா. நீயும் மாமாவும் எண்ணுங்க."

"முதல்ல கண்ட ஆளு எண்ணணும். அதாக்கும் நியமம்."

அவள் பைனாகுலரில் எண்ணினாள். ராஜதாஸ் வெறுங்கண்ணால் எண்ணினார், லாரியில் அடுக்கிய மூட்டைகளை எண்ணுகிற மாதிரி, இடமிருந்து ஒருமுறை, வலமிருந்து ஒருமுறை. தாள்களைத் திருப்பினார்கள். அவள் எட்டு என்று எழுதியிருந்தாள். அவர் ஒன்பது என்று எழுதியிருந்தார்.

 பள்ளத்திலிருந்து மூடுபனி மறுபடியும் ஏறத் தொடங்கியிருந்தது, இன்னும் ஐந்து நிமிடத்தில் பாறையை மூடிவிடும். ராஜதாஸ் தன் தாளை மடக்கினார், மறுபடி விரித்தார். எட்டு என்று ஒத்துக்கொள்வது எவ்வளவு சுலபம். ஒன்றைக் குறைத்துக்கொண்டால் மகளுக்கும் நிம்மதி, விதிக்கும் நிம்மதி. ஆனால் அவர் கண்டது ஒன்பது.

"ஓரத்துல நிக்க தள்ளையாட்டுக்குக் காலு எத்தனைன்னு பாரு," என்றார். "நான் ஆறு கண்டேன்."

ரெஷ்மா பைனாகுலரைத் தூக்கினாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மூடுபனியின் நுனி பாறையின் அடியைத் தொட்டது. அப்போது அந்தத் தாயாடு ஒரு அடி முன்னால் நகர்ந்தது. அதன் வயிற்றுக்குப் பின்னாலிருந்து, பால் குடித்த வாயோடு, ஒரு சின்னக் குட்டி வெயிலுக்கு வந்து நின்றது.

அவள் பைனாகுலரை இறக்கவில்லை. இடது கையால் தடவிப் பேனாவைத் தேடி எடுத்து, மடியில் கிடந்த தன் தாளில் எட்டை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினாள். கோணலாக விழுந்தது. பிறகுதான் திரும்பி, கணக்கெடுப்புப் படிவத்தையும் பேனாவையும் அப்பாவிடம் நீட்டி, முதலில் கண்டவர் என்ற இடத்தைக் காட்டினாள். ராஜதாஸ் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு பெயரை எழுதினார். பக்கத்தில் தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் எந்த நாளை எழுதுவது என்று தெரியாமல் நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"இன்னைக்கு உள்ள தேதி போடுங்கப்பா," என்றாள் ரெஷ்மா.

அவர் போட்டார்.